வேதாளரின் காடு எங்கே இருக்கிறது?

வேதாளரின் காடு முதலில் ஆசியாவில் இருந்தது. 1936 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் லீ ஃபாக் முகமூடி நாயகன் வேதாளரின் படத்தொடரைத் தொடங்கியபோது, நாயகன் உலவிய நாட்டின் பெயரில் வங்காளத்தின் வாடை அடித்தது. எதிரிகள் சிங் என்ற பெயர் தாங்கிய கடற்கொள்ளைக் கூட்டத்தார். நாயகனின் தந்தையைக் கொன்றவன் பெயர் ராமா. 1960களில் அதே நாடு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஆப்பிரிக்காவில் போய் உட்கார்ந்தது. லமாண்டா லுவாகா என்ற மருத்துவர் அதற்குக் குடியரசுத் தலைவரானார். மண்டை ஓட்டுக் குகை, பந்தர் குள்ளர்களின் தலைவர் குரான், வெள்ளைக் குதிரை ஹீரோ, ஓநாய் டெவில் எல்லாம் அப்படியே இருக்க, கண்டம் மட்டும் மாறியது. அதுவரை வந்த கதைகள் செல்லாது என்று ஃபாக் எங்கும் அறிவிக்கவில்லை.

அவருக்கு இது புதிதல்ல. தொடர் தொடங்கிய வாரங்களில், ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார வாலிபனே முகமூடிக்குள் இருப்பவன் என்று பின்னால் காட்டிவிடும் எண்ணத்தில்தான் அவர் எழுதிவந்தார். பாதியில் மனம் மாறி, தந்தைக்குப் பின் மகனாக 400 ஆண்டுகள் தொடரும் பரம்பரை என்றும், இப்போது இருப்பவர் 21ஆவது வேதாளர் என்றும் கதையை வேறு தடத்தில் ஓட்டினார். ஜிம்மி வெல்ஸ் சத்தமில்லாமல் காணாமல் போனான். உடையின் கதையும் இப்படித்தான். ஃபாக் மனத்தில் வைத்திருந்தது சாம்பல் நிறம். 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது அது ஊதாவாக அச்சேறியது. பிறகு, காட்டில் இருந்த ஒரு தெய்வச் சிலையைப் பார்த்து முதல் வேதாளர் அந்த நிறத்தை ஏற்றுக்கொண்டார் என்று ஒரு கதை எழுதி ஒட்டுப் போட்டார். ஸ்வீடனில் அதே உடை நீலம், இத்தாலியில் சிவப்பு. அங்குள்ள வாசகர்களுக்கு அந்த ஒட்டும் உதவாது.

கதைத் தொடர்ச்சி என்று காமிக்ஸ்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒரு நாயகனின் நேற்றைய கதையில் நடந்தது இன்றைய கதையிலும் நடந்ததாக இருக்க வேண்டும். அது உடையும்போது இரண்டு வழிகள் உண்டு. ஃபாக் செய்ததுபோல் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டுக்கொண்டே போகலாம், அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் மூன்றாவது ஒரு வழியும் இருந்தது. அதைத் திட்டமிட்டு யாரும் உண்டாக்கவில்லை. பதிப்பகங்களும் மொழிபெயர்ப்பு மேசைகளும் பழைய பேப்பர் கடைகளும் சேர்ந்து உண்டாக்கின.

டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. முதல் 32 இதழ்களும் வேதாளர் கதைகளே. மாண்ட்ரேக், ஃப்ளாஷ் கார்டன், ரிப் கெர்பி எல்லாம் அதற்குப் பிறகு வந்தார்கள். ஆபித் சுர்தி உருவாக்கிய இந்திய நாயகன் பகதூர் 1976 டிசம்பரில் வந்தான். இந்திய வாசகர் மனம் நோகக்கூடாது என்ற எச்சரிக்கையால் போலும், வேதாளரின் நாடு டெங்காலி ஆனது, கொலைகாரன் ராமா ராமாலு ஆனான், சிங் கொள்ளையர் சிங்கா கொள்ளையர் ஆனார்கள். ஆசியாவா ஆப்பிரிக்காவா என்ற வழக்கு இதனால் தீரவில்லை. மூன்றாவதாக ஒரு நாடு கிடைத்ததுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய சிக்கல் கதைகள் வந்த வரிசையில் இருந்தது. வேதாளருக்கு நாளிதழில் திங்கள் முதல் சனி வரை ஒரு கதை ஓடும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அதோடு தொடர்பில்லாத வேறு கதை ஓடும். இந்திய இதழ்களில் இரண்டும் கலந்து வந்தன. மூன்று நான்கு கட்டங்கள் கொண்ட நாளிதழ்ப் பட்டையைப் புத்தகப் பக்கத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டும்போது சில கட்டங்கள் உதிர்ந்தன. வேதாளருக்கும் டயானா பாமருக்கும் 1977இல் திருமணம் நடந்தது, 1979இல் கிட், ஹெலோய்ஸ் என்ற இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. கையில் கிடைத்த வரிசையில் படித்தவர்களுக்கு டயானா ஒரு மாதம் தாய், அடுத்த மாதம் காதலி, அதற்கடுத்த மாதம் நியூயார்க்கில் கடிதத்துக்குக் காத்திருக்கும் மணமாகாத பெண்.

கொச்சி மட்டாஞ்சேரியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வரிசைக் குலைவு இரட்டிப்பாகக் கிடைத்தது. மிளகு மூட்டைகள் இறங்கும் பஜார் ரோடு, கொங்கணிகள் வாழும் செர்லாய், குஜராத்தி வணிகர்களின் தெரு, யூதத் தெரு, கச்சி மேமன்களின் வீடுகள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் அது. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் பக்கத்து ஃபோர்ட் கொச்சி வேலியின் டோபி கானாவில் இன்றும் இருக்கின்றன. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், தெருவில் கொங்கணியும் இந்தியும் குஜராத்தியும். தமிழ்க் காமிக்ஸ் அங்கே சந்தா கட்டி வாங்கும் பொருளாக இல்லை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் உறவினரின் பையில் முறுக்குப் பொட்டலத்தோடு வரும். எர்ணாகுளம் ஜங்ஷன் ரயில் நிலையக் கடையில் எப்போதாவது தொங்கும். மீதி எல்லாம் ஆக்ரிக்கடைதான். பழைய இரும்பு, பாட்டில், காகிதம் எடுக்கும் கடைக்கு மலையாளத்தில் அந்தப் பெயர்.

இதை எழுதுபவர் காமிக்ஸ் வரலாற்றைக் கற்றுக்கொண்டது அப்படி ஒரு கடையின் எடைத் தராசுக்குப் பின்னால்தான். “இக்கா, தமிழ் புக் வந்துச்சா?” என்று கேட்டால், கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலேயே மூலையைக் கை காட்டுவார். அட்டை கிழிந்து, சணல் கயிறு அழுந்திய தடத்தோடு இதழ்கள் கிடக்கும். அட்டை போனதோடு இதழ் எண்ணும் தேதியும் போயின. ஆகவே பிள்ளைகள் பின்னாலிருந்து படித்தார்கள். கடைசிப் பக்கத்தில் “அடுத்த வெளியீடு” என்று ஒரு சிறு கட்டத்தில் அறிவிப்பு இருக்கும். அதில் சொன்ன தலைப்பு இன்னொரு இதழில் கிடைத்தால், இது முந்தையது, அது பிந்தையது என்று முடிவாகும். அறிவிப்பும் இல்லாவிட்டால் விலையைப் பார்ப்பார்கள். 75 காசு இதழ் 1 ரூபாய் இதழுக்கு மூத்தது. இந்த முறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எழுதப்பட்டது. புதிதாக ஒரு இதழ் கிடைக்கும்போதெல்லாம் அதில் அம்புக்குறி போட்டுத் திருத்தம் நடக்கும். அமெரிக்காவில் இந்த வேலைக்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் இருந்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த நோட்டை அதிகம் படுத்தியவன் இரும்புக்கை மாயாவி. சிவகாசியில் முல்லை தங்கராசனின் துணையோடு சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972 ஜனவரியில் அவன் பெயரிலேயே வெளிவந்தது. மூலம் பிரிட்டனில் 1962 அக்டோபரில் தொடங்கிய வேலியன்ட் வார இதழின் தொடர். பெரும்பாலான ஓவியங்கள் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தவை. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய, இரும்புக் கை மட்டும் தெரிய உடல் மறைந்துபோகிறது. தொடக்கத்தில் அவன் நல்லவன் அல்ல. கிடைத்த சக்தியைத் திருட்டுக்கும் மிரட்டலுக்கும் பயன்படுத்துகிறான், பிறகு திருந்துகிறான், பிறகு நிழற்படை என்ற அமைப்பின் உளவாளி ஆகிறான். இடையில் ஒரு காலம் அமெரிக்க பாணியில் உடையும் முகமூடியும் மாட்டி சூப்பர் ஹீரோவாகவும் திரிந்துவிட்டு அதைக் கழற்றிப் போடுகிறான். பிரிட்டனிலேயே அவன் குடும்பப் பெயரை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

வேலியன்ட் வரிசையில் படித்தவனுக்கு இது ஒரு மனிதன் மாறிய கதை. தமிழில் கதைகள் மூல வரிசையில் வரவில்லை. வந்த வரிசையும் ஆக்ரிக்கடையில் கலைந்துவிட்டது. அதனால் ஒரு வாரம் ஊரைக் காப்பவனாகவும் அடுத்த வாரம் ஊரைக் கொள்ளையடிப்பவனாகவும் மாயாவி வந்தான். பிள்ளைகள் இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள்: மின்சாரம் அதிகமாகப் பாய்ந்தால் புத்தி கெட்டுவிடும், குறைவாகப் பாய்ந்தால் நல்லவனாகிவிடுவான். மூலக் கதையில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் பின்னாளில் அமெரிக்கப் பதிப்பகங்கள் பணம் கொடுத்து எழுதவைத்த பல விளக்கங்களைவிட இது மோசமில்லை.

1984இல் குழப்பம் முற்றியது. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் அந்த ஆண்டு ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசி நடித்த ‘கத்திமுனையில் மாடஸ்டி’. சீக்கிரமே ‘எத்தனுக்கு எத்தன்’ கதையோடு ஸ்பைடர் வந்தான். 1965இல் பிரிட்டனின் லயன் இதழில் பிறந்த இந்த ஸ்பைடருக்கும் மார்வெலின் ஸ்பைடர்மேனுக்கும் உறவில்லை. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று கிளம்பியவன் அவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் கதை எழுத வந்த பிறகு நல்லவன் பக்கம் சாய்ந்தான். திரும்பவும் அதே கோளாறு: கெட்டவனாகத் தொடங்கி நல்லவனான நாயகன், வரிசை தெரியாத வாசகன்.

அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’. பாண்ட் கதையின் பெண்களுக்கு மை தொட்டு ஆடை வரைந்து சேர்த்த இதழ் என்று அது இன்றும் நினைக்கப்படுகிறது. பின்னாளில் ராணி காமிக்ஸ் வேதாளர் கதைகளையும் போட்டது. அங்கே அவருக்கு வைத்த பெயர் முகமூடி வீரர் மாயாவி. கோட்டயத்திலிருந்து வரும் மலையாள பாலரமா இதழிலும் 1984இலேயே ஒரு மாயாவி பிறந்தான். பிரதீப் சாதே வரைந்த அவன் கொம்பு முளைத்த குட்டிச்சாத்தான். ராஜு, ராதா என்ற இரண்டு பிள்ளைகளுக்குத் துணை. அவனைப் பிடித்துக் குப்பியில் அடைக்க டாகினியும் குட்டூசனும் இதழுக்கு இதழ் திட்டம் போட்டுத் தோற்பார்கள்.

ஆக, மட்டாஞ்சேரியில் தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரே பெயரில் மூன்று நாயகர்கள். பள்ளி வராந்தாவில் இது சண்டையாகவே வெடித்தது. மாயாவியை எப்படித் தோற்கடிப்பது என்று ஒருவன் கேட்டான். குப்பிக்குள் அடைத்து மூடினால் போதும் என்றான் மலையாளம் மட்டும் படித்தவன். கரண்டை நிறுத்தினால் போதும் என்றான் முத்து காமிக்ஸ் படித்தவன். அவரைக் கொல்லவே முடியாது, ஒருவர் செத்தால் மகன் வந்துவிடுவான் என்றான் ராணி காமிக்ஸ் படித்த மூன்றாமவன். மூவர் சொன்னதும் சரி. மணி அடிக்கும்வரை ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பாலரமா மாயாவிக்கு மட்டும் கதைத் தொடர்ச்சிச் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் அங்கே தொடர்ச்சியே கிடையாது. ஒவ்வொரு கதையும் முந்தைய கதை நடக்காததுபோலத் தொடங்கும். ராஜுவும் ராதாவும் வளரவில்லை, டாகினி சாகவில்லை. இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்பது 2019இல் தெரிந்தது. டிங்கினி என்ற புதுப் பாத்திரத்தை இதழ் கொண்டுவந்ததும், குந்தத்தில் ஏறிப் பறக்கும் குட்டிப் பிசாசு லுட்டாப்பி போய்விடுமோ என்று வளர்ந்த ஆண்களும் பெண்களும் லுட்டாப்பியைக் காப்பாற்றச் சொல்லிச் சமூக ஊடகங்களில் இயக்கமே நடத்தினார்கள். கேரளத்தில் ஒரு காமிக்ஸ் உலகத்தில் கை வைத்ததற்கு இவ்வளவு பெரிய எதிர்ப்பு அதற்கு முன் வந்ததில்லை எனலாம்.

அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வழியில் முன்னோடி அமெரிக்காவின் டிசி நிறுவனம். 1961இல் வந்த ஒரு ஃப்ளாஷ் கதையில், 1940களின் ஃப்ளாஷும் புதிய ஃப்ளாஷும் இரண்டு வேறு பூமிகளில் வாழ்கிறார்கள் என்று விளக்கினார்கள். பிறகு வந்த ஒவ்வொரு முரண்பாட்டுக்கும் இன்னொரு பூமி சேர்ந்தது. 1985இல் மார்வ் உல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரஸ் வரைந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ 12 இதழ்களில் எல்லாப் பூமிகளையும் ஒன்றாக்கியது. இனி குழப்பமில்லை என்றார்கள். உண்மையில் பெரிய குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

ஹாக்மேன் படும் பாடு இதற்குச் சரியான சான்று. 1940இன் ஹாக்மேன் எகிப்திய இளவரசனின் மறுபிறவி, பெயர் கார்ட்டர் ஹால். 1961இன் ஹாக்மேன் தனாகர் என்ற வேற்றுக் கிரகத்துக் காவலதிகாரி கட்டார் ஹால். இரண்டு பூமி இருந்தவரை இருவருக்கும் இடம் இருந்தது. 1989இல் டிமதி ட்ரூமன் ‘ஹாக்வேர்ல்ட்’ என்ற மூன்று இதழ்க் கதையில் கட்டாரின் தொடக்கத்தைப் புதிதாகச் சொன்னார். அருமையான கதை. அடுத்த ஆண்டு அதைத் தொடராக நீட்டியபோது, கட்டார் இப்போதுதான் பூமிக்கு வருகிறான் என்று வைத்துவிட்டார்கள். அப்படியானால் இருபத்தைந்து ஆண்டுகளாக ஜஸ்டிஸ் லீகில் சிறகடித்துக்கொண்டிருந்தவன் யார்? கார்ட்டர் ஹாலின் மகன்போல் நடித்த தனாகர் ஒற்றன் என்று ஒரு பதில் சொன்னார்கள். 1994இன் ‘சீரோ அவர்’ கதையில் எல்லா ஹாக்மேன்களையும் ஒரே உடலில் கலந்து பார்த்தார்கள். அதுவும் எடுபடவில்லை. கொஞ்ச காலம் அவனைத் தொடவே எழுத்தாளர்கள் தயங்கினார்கள். 2001இல் ஜெஃப் ஜான்ஸ் மறுபிறவி என்ற பழைய கயிற்றைப் பிடித்து அவனை மேலே இழுத்தார். 2011இல் டிசி 52 தொடர்களை முதல் எண்ணிலிருந்து தொடங்கியது. பேட்மேன் களத்துக்கு வந்து ஐந்தே ஆண்டுகள் என்றார்கள். அதற்குள் அவனுக்கு நான்கு ராபின்கள், அதில் ஒருவன் பத்து வயது சொந்த மகன். கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை.

இந்தியாவில் இந்தப் பாதையில் போனது டெல்லியின் ராஜ் காமிக்ஸ். குஜராத்தித் தெருவில் இந்தி படிக்கும் வீடுகளில் அதன் நாகராஜ் இதழ்கள் கிடைத்தன. 1986இல் தொடங்கிய நாகராஜ் காலப்போக்கில் விஷ்வரக்ஷக், ஆதங்ஹர்த்தா, நரக் நாஷக் என்று மூன்று தனித்தனித் தடங்களாகப் பிரிந்தான். 2020இல் நிறுவனர் ராஜ்குமார் குப்தா மறைந்த பிறகு பதிப்பகமே மகன்கள் மூவரிடையே பிரிந்தது. கதையில் மூன்று நாகராஜ், கடையில் மூன்று ராஜ் காமிக்ஸ்.

இவற்றை எல்லாம் படித்து முடித்தவர் வந்து சேரும் முடிவு, ஃபாக்கின் வழியே மேல் என்பதுதான். அழித்துத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், அழித்ததில் வாசகர் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று பதிப்பகத்துக்குத் தெரிவதில்லை. வாசகர் மறந்ததைத் திரும்ப எழுதுகிறார்கள், மறக்காததை இல்லை என்கிறார்கள். ஒட்டுப் போடும் எழுத்தாளர் வாசகரின் நினைவை மதிக்கிறார், ஒட்டுத் தெரிந்தாலும் பரவாயில்லை. சிவகாசி வழி இன்னும் எளிமையானது: நாயகனைத் தொடாமல், வரிசையைச் சரிசெய்துகொள்ளும் வேலையை வாசகரிடம் விட்டுவிடுவது. வாசகர் கடிதப் பக்கங்களில் அந்த வேலை நடந்தது. எந்தக் கதை எதற்கு முன், எது வெட்டப்பட்டது, எது இன்னும் வரவில்லை என்று தமிழ் வாசகர்கள் பட்டியல் போட்டார்கள்.

இந்திரஜால் 1990இல் நின்றது. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005இல் நின்றது. லயனும் முத்துவும் தடுமாறி, 2012இல் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ இதழோடு எழுந்தன. இரும்புக்கை மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ என்ற மும்மூர்த்திகளின் பழைய கதைகள் மறுபதிப்பு கண்டன. எழுபதுகளின் நாயகர்களைத் திரும்பக் கொண்டுவந்த கெட்டி அட்டைத் தொகுப்புகளில் வேதாளரும் தன் பழைய பெயரிலேயே வந்தார்.

ஆனாலும் தமிழில் எந்தக் கதை எப்போது, எந்த வெட்டோடு, எந்தப் பெயரில் வந்தது என்ற முழு வரலாறு இன்னும் சேகரிப்பாளர்களின் அலமாரிகளில்தான் சிதறிக் கிடக்கிறது. வீட்டுப் பரணில் அட்டையில்லாத தமிழ்க் காமிக்ஸ் கட்டு ஏதாவது இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். “அடுத்த வெளியீடு” என்ற கட்டம் இருந்தால் அதைப் படமெடுத்து, தெரிந்த சேகரிப்பாளர் ஒருவருக்காவது அனுப்பிவையுங்கள்.